முதலில் சாவியைக் கொடுங்கள்

கேள்வி: மடிப்பாக்கத்தில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தோம். மாத வாடகை 20,000, அட்வான்ஸ் 1,20,000. மார்ச் 31 அன்று சாமான்களை எடுத்துக்கொண்டு வேறு வீட்டுக்கு வந்துவிட்டோம். உரிமையாளர் பெயின்ட் 36,000, கீசர் 9,500, வாஷ்பேசின் 6,500, பாத்ரூம் சுவருக்குள் பைப் மாற்றியது 12,000 என்று மொத்தம் 64,000 பிடித்துக்கொண்டு மீதி 56,000தான் தருவேன் என்கிறார். என் மகன் ஹால் சுவரில் கிரேயானில் கிறுக்கியது உண்மைதான், அதற்காக முழு வீட்டுக்கும் பெயின்டா? இத்தனை வருடம் ஒரு நாள்கூட வாடகை தாமதமானதில்லை. என் மாமியாரை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினார்கள். அட்வான்ஸ் முழுதும் வரும்வரை சாவியைத் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டோம். ஒரு கட்டிலும் அங்கேயே இருக்கிறது. போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்:

மாமியாருக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் அது இந்தக் கணக்கில் ஒரு ரூபாயைக்கூட மாற்றாது. வாடகை தாமதமில்லாமல் கொடுத்தது உங்கள் கடமை, அதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. போலீஸுக்குப் போனால் ‘இது சிவில் விவகாரம்மா’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், அதுவும் சரிதான்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ஒரே ஒரு விஷயம். ஜூன் பாதி ஆகிவிட்டது, சாவி இன்னும் உங்கள் கையில் இருக்கிறது.

ரிப்பேர் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை யார் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று பிரித்தே வைத்திருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தேவைப்படும்போது பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர், வாஷ்பேசின், கீசர், ஸ்விட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி ரிப்பேர் எல்லாம் உங்கள் பக்கம். ஆக, கீசரும் பேசினும் சேர்த்து 16,000 உங்களுடையது. (9,500க்குப் புதுக் கீசரே வாங்கியிருப்பார்கள், சட்டம் சொல்வது ரிப்பேர்தான். ஆனால் அதற்காகச் சண்டை போட்டு மிச்சம் பிடிக்கும் தொகை ஆட்டோவுக்கே சரியாகிவிடும்.) பெயின்டும் பைப்பும் சேர்ந்த 48,000தான் உண்மையான தகராறு. அதிலும் கிரேயான் கிறுக்கல் இயல்பான தேய்மானம் ஆகாது. ஹால் சுவருக்கு ஏதாவது கொடுத்துத்தான் ஆகவேண்டும். ஒப்பந்தத்தில் ‘காலி செய்யும்போது பெயின்ட் செலவு வாடகைதாரருடையது’ என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதைத் தூக்கிப் பிடித்து அவர் வாதாடுவார், உங்கள் பலம் பாதியாகக் குறைந்துவிடும்.

இப்போது சாவிக்கு வருகிறேன். சாமானை எடுத்துவிட்டால் வீட்டைக் காலி செய்தாகிவிட்டது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சுவாதீனத்தை ஒப்படைத்தால்தான் காலி. சாவி உங்களிடம், கட்டில் உள்ளே என்றால் வீடு இன்னும் உங்கள் வசம்தான். காலி செய்து ஒரு மாதத்துக்குள் கழிவு போக அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது சட்டம். அந்த ஒரு மாதமே உங்களுக்கு இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆனால் அவருக்கு மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டரை மாதத்துக்கு 50,000 வாடகை பாக்கி என்று அவர் கேட்கலாம். ஒப்பந்தக் காலம் முடிந்தும் வீட்டை விடவில்லை என்று இரண்டு மடங்கு கேட்கவும் சட்டத்தில் வழியிருக்கிறது. 48,000க்குச் சண்டை போடுகிறீர்கள், சாவியால் அதற்கு மேலேயே இழந்தாயிற்று. அவர் இன்னும் இதைச் சொல்லவில்லை என்றால் நல்ல வக்கீலைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பார்க்கும் முன் முடித்துவிடுங்கள்.

இதே கதையோடு வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒருவர் 70,000 அட்வான்ஸுக்காக ஒரு பீரோவை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். ‘அது இருக்கிறவரைக்கும் அவர் வேற ஆளைக் குடி வைக்க முடியாது சார்’ என்று எனக்கே பாடம் எடுத்தார். ஏழு மாதம் கழித்து வந்த நோட்டீஸில் அட்வான்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாடகை பாக்கி, பராமரிப்புக் கட்டணம், மின்கட்டணம் என்று வரிசையாக இருந்தது. கடைசியில் அட்வான்ஸை விட்டுக்கொடுத்து, கையிலிருந்து 25,000 போட்டுச் சமாதானம் பேசினோம். பீரோவின் ஒரு கதவு துருப்பிடித்துக் கழன்றிருந்தது.

ஆகவே இந்த வாரமே கட்டிலை எடுங்கள். இன்ன தேதி, இன்ன நேரம் சாவி தருகிறோம், அட்வான்ஸ் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம், அதே வாசகம் வாட்ஸ்அப்பிலும். அந்த நாளில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வோர் அறையையும், பேசினையும், அந்த ஹால் சுவரையும் வீடியோ எடுங்கள். கிறுக்கலை மறைக்க வேண்டாம். ஒரு சுவர்தான் என்று அதே வீடியோ சொல்லும். எடுத்த போனை விற்றுவிடாதீர்கள், வழக்கு என்று வந்தால் மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கொடுக்க அது வேண்டும். சாவி வாங்கியதற்கு ஒரு வரி எழுதி வாங்குங்கள். வாங்க மறுத்தால் உடனே வக்கீல் நோட்டீஸ்.

அப்புறம் பேரம். கீசர், பேசினுக்கு 16,000, ஹால் சுவருக்கு 9,000, மொத்தம் 25,000 கழித்து 95,000 கேளுங்கள். 85,000க்கு வந்தால் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பதிலுக்கு, ஏப்ரல் முதல் வாடகை எதுவும் பாக்கியில்லை என்று அவர் எழுதித் தரவேண்டும், பணத்தைவிட அது முக்கியம். அதுவரை 56,000ஐ ‘முழுக் கணக்கும் தீர்ந்தது’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டு வாங்காதீர்கள்.

வாடகை அதிகாரியிடம் மனு போடலாம்தான். ஆனால் உங்கள் ஒப்பந்தம் அங்கே பதிவானதா? 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாதத்துக்கு எழுதி அலமாரியில் வைத்த தாள் என்றால் அதைச் சாட்சியமாக ஏற்பதா என்பதிலேயே முதல் சில வாய்தாக்கள் போய்விடும். 10,000 விட்டுக்கொடுக்க மனசில்லாமல் இரண்டு வருடம் அலைந்தவர்களிடம் நான் ஃபீஸ் வாங்கியிருக்கிறேன். உங்களிடமும் வாங்கிக்கொள்வேன், எனக்கு ஆட்சேபணை இல்லை.

சாவி கொடுக்கும் நாளில் மின் மீட்டர் ரீடிங்கையும் படம் எடுத்துவிடுங்கள்.