புரோட்டோன் வீரா ஆட்டோமேட்டிக் கார்: கியர் எண்ணெய் கூடிவிட்டதா?

எண்ணெயை இறக்காதீர்கள். மூன்று லிட்டர் வடித்து, அதே மூன்று லிட்டர் ஊற்றியும் டிப்ஸ்டிக்கில் (எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியில்) மேல்கோட்டைத் தாண்டுகிறது என்றால், பெரும்பாலும் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பார்த்திருப்பீர்கள். இன்ஜின் நின்றதும் டார்க் கன்வர்ட்டரில் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பாகம்) உள்ள எண்ணெய் மெல்லக் கீழே இறங்கும். அளவு கூடித் தெரியும். லயத்து (தோட்டக் குடியிருப்பு) வாசல் சரிவாக இருந்தாலும் கணக்குத் தப்பும்.

சுங்கை சிப்புட் டவுன் பக்கம் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, பெட்ரோல் ஸ்டேஷன் மாதிரி சமதரையில் நிறுத்துங்கள். இன்ஜின் ஓடட்டும். கை பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்தியபடி கியரை 'பி'யிலிருந்து 'எல்' வரை நிதானமாக ஒரு சுற்று தள்ளி, 'என்'னில் விடுங்கள். வீராவின் மிட்சுபிஷி கியர்பாக்ஸுக்கு நியூட்ரல்தான். டொயோட்டாவுக்கு 'பி', ஹோண்டாவுக்கு இன்ஜினை நிறுத்திய பிறகு; அதனால் வேறு வண்டி வைத்திருக்கும் கூட்டாளி யாராவது சொன்னால் அதை அப்படியே செய்யாதீர்கள்.

கம்பியை நூல் உதிராத துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். (பழைய பனியனால் துடைத்துப் பட்டவன் நான்.) 'ஹாட்' குறிகளுக்குள் இருந்தால் வேலை முடிந்தது. அப்போதும் கூடுதலாக இருந்தால், டிப்ஸ்டிக் குழாய் வழியே சன்னமான டியூப் விட்டு, ஊசிக்குழலால் கொஞ்சம் உறிஞ்சுங்கள். விட்டுவைத்தால் நுரைத்து கியர் வழுக்கும்.

ஒன்று மட்டும்: கம்பியில் சிராப் பண்டோங் (பால் கலந்த ரோஜா சர்பத்) போல இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்துவிட்டது. ஓட்டாமல் ஃபோர்மேனை (மெக்கானிக்கை) கூப்பிடுங்கள்.