ஒரே வெட்டா, நான்கு வெட்டா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், உம்சின்டோவிலிருந்து ஹைஃபிளாட்ஸ் போகும் வழியில் எங்களுக்கு 40 ஹெக்டேர் நிலம் இருக்கிறது. அப்பா கரும்பை விட்டுவிட்டு 24 ஹெக்டேரில் கம் மரம் (யூக்கலிப்டஸ்) நட்டார். மரத்துக்கு இப்போது ஒன்பது வயது. மீதி புல்வெளியும் ஓடையோரத்துப் பழைய காடும். அப்பாவுக்குப் பிறகு நிலம் 68 வயதாகும் அம்மாவின் பெயரில் இருக்கிறது. ஓர் ஒப்பந்தக்காரர் 9 இலட்சம் ராண்டுக்கு மரம் முழுவதையும் ஒரே தடவையில் வெட்டிக்கொள்கிறேன் என்கிறார். ஓடையோர மரங்களையும் சேர்த்தால் இன்னும் கூட்டித் தருவாராம். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் அண்ணன், விற்றுத் தன் வீட்டுக் கடனை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலத்தைப் பங்கு பிரிக்க வேண்டும் என்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில்: சகோதரி, முதலில் ஒரு சின்னக் கணக்கு. வழக்கமான 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால் ஹெக்டேருக்கு 1,666 மரங்கள், 24 ஹெக்டேருக்குச் சுமார் 40,000. பட்டுப்போனவை போக 36,000 நிற்பதாக வைத்தாலும் ஒரு மரத்துக்கு அவர் தருவது 25 ராண்ட். அது நல்ல விலையா என்று அவரும் நீங்களும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நான்கைந்து இடங்களில் வட்டமாகக் குறித்து, மரங்களை எண்ணி, மார்பளவு உயரத்தில் சுற்றளவையும் கூடவே உயரத்தையும் அளந்தால் எத்தனை டன் தேறும் என்று தெரியும். தனியார் மரவிவசாயிகளின் கூட்டுறவான என்.சி.டி.யிடமும் உம்கோமாஸ் மரக்கூழ் ஆலையிடமும் டன் விலை கேளுங்கள். வெட்டுக்கூலி, பட்டை உரிக்கும் கூலி, லாரிச் செலவு மூன்றையும் கழித்துவிட்டு 9 இலட்சத்தோடு ஒப்பிடுங்கள்.

அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மரம் பருக்கும் வேகம் வயதோடு குறையும், கடன் வட்டி குறையாது. வெறும் கணக்குப் பார்த்தால் இன்றே வெட்டுவது சரியென்றுகூடத் தோன்றும். ஆனால் நிலம் அம்மாவுடையது. ஒரே ஆண்டில் மொட்டையடித்துவிட்டால் அடுத்த எட்டு ஆண்டுகள் அவருக்கு அந்த நிலத்திலிருந்து ஒரு சென்ட் வராது. தீத்தடுப்பு, களையெடுப்பு, வரிச் செலவுகள் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். 68 வயதில் இருப்பவருக்கு அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

என் யோசனை இது. தோப்பை ஆறு ஆறு ஹெக்டேராக நான்காகப் பிரியுங்கள். இவ்வாண்டு ஒரு பகுதி, பிறகு இரண்டாண்டுக்கு ஒன்று. கடைசிப் பகுதியை வெட்டும்போது அதற்கு 15 வயதாகியிருக்கும். நேராகத் தடித்து வளர்ந்தவற்றைக் கூழுக்குப் போடாமல் கம்பத்துக்கும் அறுப்புக்கும் விற்கலாம். எட்டாம் ஆண்டில் முதல் பகுதி மறுபடி வெட்டுக்குத் தயார். புதுக்கன்று வாங்கவும் வேண்டாம், ஏனென்றால் கரும்பில் மறுதாம்பு விடுவதுபோல கம் மரமும் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். கட்டைக்கு ஒன்றிரண்டு தண்டுகளை விட்டு மற்றவற்றைக் கழித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் அடிக்கட்டைதான் உங்கள் மூலதனம். ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் வெட்ட வேண்டும், கட்டையின் பட்டை பிய்ந்து தொங்கக் கூடாது, கிளைக்குப்பையை அதன்மேல் குவிக்கக் கூடாது, டிராக்டர் ஏறக் கூடாது. எடைக்கு விற்பதாக இருந்தால் வெட்டிய மரம் சாலையோரம் காய்ந்துகொண்டு கிடப்பது உங்கள் நட்டம். எத்தனை நாளில் எடைமேடைக்குப் போகும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

ஓடையோரக் காட்டைத் தொட விடாதீர்கள். 1998ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி இயற்கைக் காட்டில் உரிமம் இல்லாமல் ஒரு மரம்கூட வெட்டக் கூடாது. அங்கே எல்லோவுட் என்ற நாட்டு மரம் நின்றால் அது தனியாகவே பாதுகாக்கப்பட்ட மரம். அதிகப் பணம் தருகிறேன் என்பவர் சட்டப் பொறுப்பை அம்மாவின் தலையில் வைத்துவிட்டுப் போவார். அங்கே வெட்ட வேண்டியது ஏதாவது இருந்தால், ஊடே புகுந்து தண்ணீரைக் குடிக்கும் வாட்டில் என்ற வெளிநாட்டு மரம்தான்.

பங்கு பிரிக்கலாம் என்பதை அண்ணன் மறந்துவிடலாம். விவசாய நிலத்தை அமைச்சரின் அனுமதி இல்லாமல் துண்டாக்க 1970ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. அப்பா நட்டபோது வாங்கிய அனுமதி அல்லது நீர் உரிமத் தாளையும் தேடி எடுங்கள். மரத்தோப்பு ஓடைநீரைக் குறைக்கும் தொழில் என்று 1998ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் சொல்கிறது. அந்தத் தாள் இல்லாவிட்டால் நிலத்தின் மதிப்பே ஆட்டம் காணும்.

வரி: நிற்கும் மரமாக விற்றாலும், நிலத்தோடு சேர்த்தே விற்றாலும் அந்தப் பணம் வருமானம்தான், மூலதன ஆதாயம் இல்லை. ஒரே ஆண்டில் குவிந்தால் மேல்தட்டு விகிதத்துக்கு ஏறிவிடும். அப்படிக் குவியும் ஆண்டுக்கென்று மரத்தோப்பு விவசாயிகளுக்கு, வரி விகிதத்தைச் சராசரியை வைத்துக் கணக்கிடும் சலுகை ஒன்று உண்டு. அதைப் பற்றிக் கணக்காளரிடம் கேளுங்கள். நான்காகப் பிரித்தாலே பாதிச் சிக்கல் தீரும். அண்ணனுக்கு அம்மா பெருந்தொகை கொடுத்தால் நன்கொடை வரி வரும், எழுதிய கடனாகக் கொடுப்பது நல்லது.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது தீ. மழையில்லாத குளிர்காலத்தில் மலைப்பக்கமிருந்து வரும் வறண்ட சூடான பெர்க் காற்று வீசும் நாளில் ஒரு பொறி போதும், ஒன்பது ஆண்டு உழைப்பு ஒரே பிற்பகலில் கருகிவிடும். 2007ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இந்த மாகாணம் அதைக் கண்ணால் பார்த்தது. எல்லையில் தீத்தடுப்புப் பாதை போடுவது சட்டக் கடமை. வட்டாரத் தீப் பாதுகாப்புச் சங்கத்தில் அம்மாவைச் சேர்த்துவிடுங்கள். சேராதவர் நிலத்திலிருந்து தீ பரவி வழக்கு வந்தால், தாம் அலட்சியமாக இல்லை என்று அவரேதான் நிரூபிக்க வேண்டும். நான்கு வெட்டு என்று முடிவு செய்தால் மரம் இன்னும் ஆறு குளிர்காலம் நிற்கும், ஆகவே தீக் காப்பீடு எடுக்காமல் இந்தத் திட்டத்தைத் தொடங்காதீர்கள்.

முதல் வெட்டுப் பணம் வந்ததும் வரி, தீப்பாதை, காப்பீடு, தண்டு கழிக்கும் கூலி ஆகியவற்றைத் தனிக் கணக்கில் போடுங்கள். அடுத்து இரண்டாண்டுக்கு அம்மாவின் செலவு. அதன்பின் மிஞ்சுவதுதான் அண்ணனுக்கு. மாதக் கடைசி என்ற கெடு ஒப்பந்தக்காரருடையது, மரத்துக்கு அப்படி ஒரு கெடு இல்லை. விடுமுறைக்கு வரும் அண்ணன் கையிலேயே அளவு நாடாவைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.