ஒரு கோடு சிக்னலில் மோட்டார் கட்டளை மாறிப்போகுமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் வயல். மோட்டார் கொட்டகையில் 4ஜி சிம் போட்ட கருவி வைத்து, போனிலிருந்தே மோட்டாரைப் போட்டு நிறுத்துகிறேன். அங்கே சிக்னல் ஒரு கோடுதான். ‘நிறுத்து’ என்று அனுப்பியது வழியில் கெட்டு ‘போடு’ என்று மாறிவிடுமா? பூஸ்டர் வாங்கலாமா?

பதில்: அந்தப் பயம் வேண்டாம். கட்டளை தாமதமாகலாம், சேராமலும் போகலாம். மாறிப்போவது மிக மிக அரிது.

4ஜியில் தரவைக் காப்பது டர்போ குறியீடு, அதாவது வழியில் கெட்டதை வாங்கும் பக்கத்திலேயே திருத்திக்கொள்ளும் முறை. 1993இல் பிரெஞ்சுப் பொறியாளர் குளோட் பெரூவும் அவருடைய கூட்டாளிகளும் ஜெனீவா மாநாட்டில் இதை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. இரைச்சலுக்கு நடுவே பிழையில்லாமல் தரவு அனுப்ப இவ்வளவு சிக்னலாவது வேண்டும் என்று 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஷானன் வகுத்த எல்லைக்கு 0.7 டெசிபெல் பக்கத்தில் வந்துவிட்டார்கள் என்றால் யார் நம்புவார்கள்?

ஒவ்வொரு பிட்டுடனும் (0 அல்லது 1) இரண்டு சரிபார்ப்பு பிட்டுகள் உருவாகின்றன. ஒன்று, தரவு இருக்கும் வரிசையில் கணக்கிட்டது. மற்றது, வரிசையைக் கலைத்துப் போட்டுக் கணக்கிட்டது. ஒரு வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் கெட்டுக் கிடப்பவை, மற்ற வரிசையில் தள்ளித் தள்ளிப் போய்விடும். வாங்கும் பக்கத்தில் வரிசைக்கு ஒன்றாக இரண்டு கணிப்பான்கள். ‘இது 1’ என்று அவை அடித்துச் சொல்வதில்லை, எவ்வளவு நிச்சயம் என்பதையும் சேர்த்தே சொல்கின்றன. ஒன்றின் கருத்தை வைத்து மற்றது தன் கணிப்பைத் திருத்தும். இப்படிச் சில சுற்றுகள்.

இதன் உயிர்நாடி ஒரு கட்டுப்பாடு. மேட்டூர் திறக்கப்போகிறார்கள் என்று டீக்கடையில் நீங்களே சொன்னது, சாயங்காலம் வேறொருவர் வாயால் உங்களிடம் திரும்பி வந்தால் உறுதியான செய்தி போலத் தோன்றும் இல்லையா? அந்த ஏமாற்றம் நடக்காதபடி, ஒவ்வொரு கணிப்பானும் மற்றது சொன்னதைக் கழித்துவிட்டு, தான் புதிதாகக் கண்டதை மட்டுமே திருப்பிக் கொடுக்கும். பெரூவின் கண்டுபிடிப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம், முடிவில், வந்தது சரியா என்று பார்க்க 24 பிட் சோதனை ஒன்று உண்டு. அதில் தேறாவிட்டால் டவர் மறுபடி அனுப்பும். பழையதை வீசாமல் புதியதோடு சேர்த்துப் பார்ப்பார்கள். உங்கள் தாமதத்தில் ஒரு பங்கு இதனால்தான்.

சரி, பூஸ்டர்? வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் வைப்பது சட்டப்படி தவறு, அக்கம்பக்கத்து சிக்னலும் கெடும். கருவி இரும்புப் பெட்டிக்குள் இருந்தால் ஆன்டெனாவை வெளியே எடுத்து, தகரக் கூரைக்கு மேலே ஏற்றுங்கள். கேபிள் நீளம் குறைவாக இருக்கட்டும். ‘நிறுத்து’ சேராமல் போனாலும் மோட்டார் தானே நிற்க, ஸ்டார்ட்டரில் டைமர் ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்து அவசியம் போட்டுக்கொள்ளுங்கள்.