டோஹாவில் ஓர் அடுப்பு, கோண்டாவிலில் ஓர் அடுப்பு

கேள்வி: கட்டாருக்கு வந்து ஏழு மாதம். ஏசி திருத்தும் வேலை. அடிப்படைச் சம்பளம் 1,600 றியால், சாப்பாட்டுக் காசு 300, ஓவர்டைம் செய்தால் இன்னும் 330 மட்டில் வரும். தங்குமிடம் சனையாவில் (தொழிற்பேட்டைப் பகுதி) கம்பனி கேம்ப். சம்பளம் விழுந்த அன்றைக்கே 2,000 றியாலை வீட்டுக்குப் போட்டுவிடுவேன். இருபதாம் திகதிக்கு முன்னமே கை வெறுமையாகிவிடும், பிறகு றூம் பெடியளிடம் 350 மட்டில் கைமாற்றாக மாறுவேன். கோண்டாவிலில் சொந்த வீட்டில் மனைவி, நான்கு வயது மகள், அம்மா இருக்கிறார்கள். வெளிக்கிட வாங்கிய கடனில் 4 இலட்சம் மூன்று வட்டிக்கு நிற்கிறது. மனைவியின் நகை ஐந்து பவுண் வங்கியில் அடைவில். வீட்டிலும் காணாது என்கிறார்கள், எனக்கும் காணாது. எவ்வளவு அனுப்ப வேண்டும், எவ்வளவு வைத்திருக்க வேண்டும்? கேம்பில் மாதம் 500 றியால் சீட்டு ஒன்றும் தொடங்குகிறார்கள், சேரலாமா?

பதில்: தம்பி, எண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கென்று மாதம் 650 றியால். வீட்டுக்கு 1,250. ஓவர்டைம் காசு முழுக்கக் கடனுக்கு. சீட்டு வேண்டாம்.

650 என்றதும் நெஞ்சு திடுக்கிடும். "200 றியாலில் சீவிக்கிறேன், இந்த ஆள் 650 என்கிறாரே" என்று நினைப்பீர்கள். ஆனால் நீங்கள் 200இல் சீவிக்கவில்லை. உங்கள் கடிதத்தில் உள்ள எண்களையே எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். மொத்த வரவு 2,230. அனுப்புவது 2,000. மிச்சம் 230. அதோடு மாறுகிற 350ஐயும் சேர்த்தால் மாதம் 580 றியால் செலவழிக்கிறீர்கள். அப்படியென்றால் போன மாதம் மாறிய 350ஐ எதிலிருந்து திருப்பிக் கொடுத்தீர்கள்? 2,230க்குள் அதற்கு இடமே இல்லை. ஒருவரிடம் மாறி மற்றவருக்குக் கொடுக்கிறீர்கள். மாதா மாதம் 350 துண்டு விழுகிறது. ஆறு மாதம் இப்படி ஓடியிருந்தால் 2,100 றியால். அந்தக் கடனை நீங்கள் எனக்கு எழுதவில்லை, வீட்டுக்கும் சொல்லியிருக்கமாட்டீர்கள்.

கட்டாரில் ஒரு கட்டுமானக் கம்பனியின் சம்பளப் பிரிவில் சில வருடம் இருந்தவன் நான். யாழ்ப்பாணத்துப் பெடியள் அநேகமாக எல்லோரும் இந்த ஒரே பிழையைத்தான் விட்டார்கள். வீட்டு அடுப்புக்குக் கணக்குப் பார்ப்பார்கள், தாங்கள் அங்கே எரிக்கிற அடுப்பைக் கணக்கிலேயே எடுக்கமாட்டார்கள். அனுப்பியது போக மிஞ்சுவதில் எப்படியாவது சமாளிக்கலாம் என்று நினைப்பார்கள். அந்த "எப்படியாவது"தான் இருபதாம் திகதி றூம் கூட்டாளியின் முகத்தைப் பார்க்க வைக்கிறது.

இன்னொரு பழக்கமும் உண்டு, எதையும் இலங்கைக் காசால் பெருக்கிப் பார்ப்பது. நான் போன புதிதில், 2013இல், றியால் ஒன்று 35 ரூபாய் மட்டில். ஒரு தண்ணீர்ப் போத்தல் ஒரு றியால். "முப்பத்தைந்து ரூபாய்க்குத் தண்ணியோ?" என்று வாங்காமலே சைற்றுக்குப் போய் வருவேன். அந்தக் கோடை முடிகிறபோது சிறுநீரகத்தில் கல். வைத்தியச் செலவு ஒரு பக்கம், வேலைக்குப் போகாத நாட்கள் இன்னொரு பக்கம். மிச்சம் பிடித்த தண்ணீர்க் காசைக் கூட்டிப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. டோஹாவில் உழைக்கிற உடம்புக்கு டோஹா விலையில்தான் செலவு. கடைக்குள் நிற்கும்போது பெருக்கலை விடுங்கள். மாதக் கடைசியில் ஒருமுறை பெருக்கினால் போதும்.

650 எப்படி வந்தது என்று சொல்கிறேன். சாப்பாட்டுக்கு 350. கம்பனி தருகிற 300ஓடு கையிலிருந்து 50. போனுக்கும் டேட்டாவுக்கும் 60. சவர்க்காரம், சலூன், உடுப்புத் தோய்ப்பதற்கு 60. வெள்ளிக்கிழமை வெளியே போய்வர 60. மெட்ரோவில் ஒரு பயணம் 2 றியால், நாள் முழுக்க ஓட 6 றியால்தான், டாக்ஸிதான் காசைத் தின்னும். மருந்துக்கு 50. கடைசி 70ஐத் தொடாமல் கணக்கிலேயே விடுங்கள், அதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

சாப்பாட்டில்தான் உங்கள் கைக்குள் இருக்கிற மிச்சம் உண்டு. காலையில் கபெத்தேரியாவில் ஒரு கரக் (பால் தேத்தண்ணி), ஒரு பராட்டா, பின்னேரம் இன்னொரு கரக், ஒரு சண்விச். ஒரு நாளைக்கு 8 றியால் என்று வைத்தாலும் 26 வேலை நாளில் 208. இராச் சாப்பாட்டுக்கு இன்னும் தொடவில்லை. கேம்பில் சமையலுக்கு இடம் இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து முறை வைத்துச் சமையுங்கள். அரிசியை மூட்டையாக எடுங்கள், மத்தி மீன் மலிவாகக் கிடைக்கும். ஊரிலிருந்து வருகிற எவரிடமாவது அம்மாவின் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் இரண்டு கிலோ கொடுத்துவிடச் சொல்லுங்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. எங்கள் றூமில் தூள் முடிகிற மாதம் எல்லோருடைய கடைச் செலவும் ஏறும். சாப்பாடு ருசியில்லாவிட்டால் ஆள் தானாகக் கடைப் பக்கம் நடப்பான். பின்னேரக் கரக்கை மட்டும் விடச் சொல்லமாட்டேன். அதையும் வெட்டினால் இந்தத் திட்டம் இரண்டாம் மாதமே உடையும்.

இனி கோண்டாவில் அடுப்பு. றியால் ஒன்றை 80 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நீங்கள் அனுப்பும் 2,000 அங்கே 160,000 ரூபாய். நான் சொல்லும் 1,250 ஒரு இலட்சம். ஒரேயடியாக 60,000 குறைந்தால் எந்த வீடும் தாங்காது, உங்கள் வீட்டிலும் சண்டைதான் வரும். அதனால் இறங்கு வரிசையில் வாருங்கள். வருகிற மாதம் 1,500, அதற்கடுத்தது 1,400, மூன்றாம் மாதம் 1,250. முதல் மாதம் ஓவர்டைம் காசில் 80 றியால்தான் கடனுக்கு மிஞ்சும், இரண்டாம் மாதம் 180, மூன்றாம் மாதத்திலிருந்து முழு 330. பரவாயில்லை.

குறைக்க முதல் மனைவியோடு பேச வேண்டும். "காசை என்ன செய்தாய்" என்று தொடங்காதீர்கள். உங்கள் 580 கணக்கையும் றூம் கடனையும் முதலில் அவருக்குச் சொல்லுங்கள். பிறகு ஒரு சீஆர் கொப்பியில் ஒரு மாதம் மட்டும், போகிற ஒவ்வொரு சதத்தையும் எழுதச் சொல்லுங்கள். சாப்பாடும் மருந்தும் பெரிய தொகையாக இராது என்றே நினைக்கிறேன். வெளிநாட்டுக் காசு வருகிற வீடு என்று தெரிந்தால் சொந்தக்காரர் கைமாற்றுக் கேட்பார்கள், இல்லையென்று சொல்ல அவருக்கு வாய் வராது. சாமத்திய வீட்டுக்கு முந்தி ஆயிரம் வைத்த கை இப்போது ஐயாயிரம் வைக்க வேண்டியிருக்கும். ஸ்கூட்டி ஒன்றை லீசிங்கில் எடுத்திருந்தால் அதுவும் மாதா மாதம் வந்து நிற்கும். கொப்பியில் எழுதிப் பார்த்தால் அவருக்கே பிடிபடும்.

அந்த ஒரு இலட்சத்திலும் 8,000 ரூபாயை வேறொரு கணக்கில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் செலவு மாதக் கணக்கில் வருவதில்லை. தையில் பொங்கலும் பள்ளிக்கூடக் கொப்பி, சப்பாத்தும் ஒன்றாக வரும், ஆவணியில் நல்லூரின் 25 நாள், இடையில் ஒரு கலியாணம், ஓர் அந்தியேட்டி. இவையெல்லாம் வருமென்று தெரியும், ஆனாலும் ஒவ்வொரு முறையும் திடீர்ச் செலவு மாதிரி உங்களுக்கு வட்ஸ்அப்பில் வரும்.

கடனுக்கு வருவோம். மூன்று வட்டி என்றால் வருடத்துக்கு 36 வீதம். 4 இலட்சத்துக்கு மாதம் 12,000 ரூபாய், அதாவது 150 றியால். உங்கள் 330 றியால் ஏறக்குறைய நாற்பது மணித்தியால ஓவர்டைம், அதில் பதினெட்டு மணித்தியாலம் அந்த வட்டிக்கே போகிறது. வாங்கிய முதல் தொகையில் ஒரு சதமும் குறைவதில்லை. நல்லவேளை, நாளுக்கு நாள் ஏறுகிற மீற்றர் வட்டியில் மாட்டவில்லை.

இதற்கு என்னிடம் உள்ள வழி சிலருக்குப் பிடிக்காது. நகை அடைவில் இருக்கிறது, பவுண் விலையோ ஏறியிருக்கிறது. வைத்தபோது கொடுத்ததை விடக் கூடுதலாக இப்போது வங்கி தரக்கூடும். மனைவி போய்க் கேட்கட்டும். கூட்டி எடுக்கிற காசில் இந்த மூன்று வட்டிக் கடனை அடையுங்கள். வங்கியின் அடைவு வட்டி 36 வீதத்துக்குக் கிட்டவும் வராது. முழு 4 இலட்சம் கிடைக்காவிட்டாலும் கிடைப்பதைக் கட்டலாம். துண்டு துண்டாக வாங்கமாட்டேன் என்று கடன் கொடுத்தவர் நின்றால், இலட்சம் இலட்சமாகத் தருவதாகப் பேசிப் பாருங்கள். கட்டிய ஒவ்வொரு முறையும் எழுத்தில் வாங்குங்கள், கொடுத்த காசோலையோ உறுதியோ இருந்தால் முடிவில் கையோடு திருப்பி எடுங்கள். ஒரு நிபந்தனை: கூட்டி எடுத்த காசு வேறெதற்கும் போகக்கூடாது. பவுண் விலை ஏறும்போதெல்லாம் கூட்டி எடுத்து வீட்டுக்குத் தரை ஓடு போட்டு, கடைசியில் நகையை ஏலத்துக்கு விட்ட குடும்பங்கள் எனக்குத் தெரியும். அடைவுச் சீட்டில் தவணைத் திகதியைப் பார்த்து உங்கள் போனிலும் குறித்துவையுங்கள்.

அந்தக் கடன் நகையின் பக்கம் போனபின் ஓவர்டைம் காசு முதலில் றூம் கடனுக்கு. அது முடிந்ததும் அதே 330 நகை மீட்க. ஆனால் 330ஐ நிரந்தரம் என்று நம்பாதீர்கள். கட்டார் சட்டப்படி ஓவர்டைம், அடிப்படைச் சம்பளத்தின் மணிக் கூலியோடு குறைந்தது 25 வீதம் கூட. உங்கள் 1,600க்கு மணித்தியாலம் 8.33 றியால், 40 மணித்தியாலத்துக்கு 333. சரியாகத்தான் தருகிறார்கள். ஆனால் ஏசிக்காரனுக்குக் கோடையில் கொட்டுகிற ஓவர்டைம் மார்கழிக் குளிரில் வற்றிவிடும். றம்ழான் மாதத்தில் வேலை நேரமே வாரம் 36 மணித்தியாலம்தான். அதனால்தான் வீட்டு அடுப்பை ஓவர்டைமில் வைக்காதீர்கள் என்கிறேன்.

சீட்டு ஏன் வேண்டாம் என்றால், பத்துப் பேர் சீட்டில் முதல் கழிவு, அதாவது சேர்ந்த காசை முதலில் எடுக்கும் முறை, உங்களுக்கு என்றால் கையில் 5,000 றியால் வரும், அதாவது 4 இலட்சம். உங்கள் கடனும் அவ்வளவுதான், ஆசை வருவது நியாயம். ஆனால் பிறகு ஒன்பது மாதம் 500 கட்ட வேண்டும், உங்கள் ஓவர்டைம் 330. கடைசிக் கழிவு என்றால் அதைவிட மோசம், மூன்று வட்டிக்கு வாங்கிய காசை வட்டியில்லாமல் மற்றவனுக்குக் கொடுப்பீர்கள். நடத்துகிறவர் விசா முடிந்து ஊருக்குப் போனால் முறையிடவும் இடமில்லை.

அனுப்புவதை மாதம் ஒருமுறையாக வையுங்கள், ஒவ்வொரு முறையும் கட்டணம் போகிறது. உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம் அனுப்பினால், வீட்டு வாசலுக்கே காசு வரும் என்பது உண்மை. ஆனால் நாளைக்கு வீட்டுக் கடனுக்கோ வேறு தேவைக்கோ வங்கியில் வருமானம் காட்டப் போனால் அந்தக் காசுக்குத் தடயமே இராது. சட்டச் சிக்கலும் உங்கள் தலையில்தான். வங்கி வழியே அனுப்புங்கள்.

தொகையை றியாலில் அல்ல, ரூபாயில் பேசி வையுங்கள். 2001 முதல் ஒரு டொலருக்கு 3.64 றியால் என்று கட்டி வைத்திருப்பதால் ஆடுவது நம் ரூபாய் மட்டும். 2022 தொடக்கத்தில் 55 ரூபாயாக இருந்த றியால் அந்த வைகாசியில் 100ஐத் தொடப் பார்த்தது, ஊரில் சாமான் விலையும் கூடவே ஏறியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் இருந்து அந்த ஒரு இலட்சத்தைத் திருத்துங்கள்.

அந்த 70 றியால். கட்டுநாயக்கவுக்கு ஒரு வழி விமானச் சீட்டு வாங்கும் அளவு சேரும்வரை தொடாதீர்கள். அம்மாவுக்கு ஏதும் என்று இரவு போன் வந்தால் றூம் றூமாகக் கேட்டுத் திரிய வேண்டியதில்லை. இன்னொன்று, ஒரு வருடம் முடிந்தால் சேவைக்கால முடிவுப் பணம் உரித்தாகும், வருடத்துக்கு மூன்று கிழமை அடிப்படைச் சம்பளத்துக்குக் குறையாமல். உங்களுக்கு வருடம் 1,120 றியால். அதை இப்போதே தொலைக்காட்சிப் பெட்டியாக மனதில் வாங்கிவிடாதீர்கள். அது நகைக்கு.

ஓவர்டைமும் இந்தப் பணமும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும். ஒப்பந்தத்தில் 1,600 என்பது முழுக்க அடிப்படை என்றுதான் எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அடுத்த முறை எழுதும்போது அதையும், றூமில் யார் யாருக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.