கேள்வி – பதில்: வள்ளி ஏன் இவ்வளவு நேரம் வாதாடுகிறாள்?

கேள்வி: பங்குனித் திருவிழாவுக்காகப் புதுக்கோட்டைப் பக்கம் உறவினர் ஊருக்குப் போயிருந்தபோது, 'வள்ளி திருமணம்' நாடகத்தை முதன்முறையாக விடிய விடிய உட்கார்ந்து பார்த்தேன். பாடல்கள் மனத்தை விட்டு அகலவில்லை. ஆனால் காதல் கதை என்று நம்பிப் போன எனக்கு, முருகன் மேடைக்கு வருவதற்கு முன்பே நாரதரும் வள்ளியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தர்க்கம் செய்தது சலிப்பூட்டியது. திருமணமோ ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. இது அந்தக் குழுவின் குறையா, நாடகத்தின் இயல்பா?
— ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: குழு என்று எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் பார்த்த இடத்தில் குழு என்று ஒன்று இருந்திருக்க வாய்ப்பு குறைவு. அது 'ஸ்பெஷல் நாடகம்'. ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி), ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் அந்த ஓர் இரவுக்காகத் தனித்தனியே பேசி அழைப்பார்கள். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் அவர்கள் ஒத்திகை எதுவும் பார்ப்பதில்லை. முகத்துக்கு அரிதாரம் பூசும் நேரத்தில்தான் பலர் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) பாடல்களும் கதையின் போக்கும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதே அவர்களுக்குள்ள ஒரே பொது ஒப்பந்தம்.

தர்க்கத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். கந்தபுராணத்தின் கடைசிப் படலத்தில் நாரதர் தினைப்புனத்தில் வள்ளியைக் கண்டு, தணிகைக்குப் போய் முருகனிடம் அவள் அழகைச் சொல்லும் தூதுவர் மட்டுமே. அந்தச் சிறிய சந்திப்பை மேடைக் கலைஞர்கள் நாடகத்தின் முதுகெலும்பாக வளர்த்துவிட்டார்கள். இல்லறமா துறவறமா, ஆண் உயர்வா பெண் உயர்வா என்று நாரதர் எதைக் கேட்பார் என்பது வள்ளியாக நடிப்பவருக்கு முன்கூட்டித் தெரியாது. அவர் எந்தப் பாட்டை எடுத்து மடக்குவார் என்பது நாரதருக்கும் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன் காரைக்குடிக்கு அருகே ஒரு கோயில் திடலில் நான் பார்த்த நாடகத்தில், நாரதர் வேண்டுமென்றே ஓர் அடியைத் தவறாகச் சொல்லி நிறுத்தினார். ஆலோலம் பாடிக் கிளி விரட்டிய கவணை இன்னும் கையிலேயே வைத்திருந்த அந்தப் பெண், பதில் பேசாமல் ஆர்மோனியக்காரரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அந்த அடியைத் திருத்திப் பாடித் தொடர்ந்தார். பாயில் படுத்திருந்த கிழவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

யார் கேட்டாலும் அசைந்து கொடுக்காதவள் வள்ளி என்பதை அந்த ஒரு மணி நேரம் நிலைநாட்டிவிடுவதால்தான், அடுத்து வேடன் வேடத்தில் முருகன் வந்து, புல் மேயாத, உடலில் புள்ளியில்லாத மான் ஒன்று இந்தப் பக்கம் வந்ததா என்று அவளையே மானாக வைத்துக் கேட்கும்போது, காதல் சூடு பிடிக்கிறது. தர்க்கத்தைக் குறைத்து, வேடனை முன்னதாகவே கொண்டுவந்த நாடகம் ஒன்றையும் பார்த்திருக்கிறேன். அதில் வேடன் காட்சி வெறும் கேலிப் பேச்சாக நின்றுவிட்டது. திருமணம் ஐந்து நிமிடத்தில் முடிவதற்குக் காரணம் எளியது: கிழக்கு வெளுத்துவிடும், நடிகர்கள் அடுத்த ஊருக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். தலைப்பில் இருப்பது திருமணம் என்றாலும், ஊர் விழித்திருப்பது வாதத்துக்காகவே.

கேள்வி: அதே நாடகத்தில் வள்ளி மிக எளிதாகப் பாட, வேலனாக நடித்தவர் மேல் ஸ்தாயியில் திணறினார். ஆண்களுக்கு ஏன் சுருதியைக் குறைத்துக்கொள்வதில்லை?
— அதே வாசகி

பதில்: குறைக்கலாம், ஆனால் ஒருவர் பாட்டில் நுழைந்து மற்றவர் பாட்டெடுக்கும் காட்சியில் நடுவில் சுருதி மாற்றினால் ஓட்டம் அறுந்துவிடும். அதோடு, ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடிய ஆண்களே புகழ் பெற்றார்கள். அந்தப் பழைய அளவுகோலை இன்றும் ரசிகர்கள் கைவிடவில்லை. கையில் மைக் இருக்கும்போது இந்தப் பிடிவாதம் தேவையில்லை என்பது என் கருத்து. ஆர்மோனியக்காரர்கள் இதை ஏற்கமாட்டார்கள்.

கேள்வி: கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் இந்த நாடகத்தில் நடித்தவர்கள்தானே?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஆம். எஸ். ஜி. கிட்டப்பா வேலனாகவும் கே. பி. சுந்தராம்பாள் வள்ளியாகவும் நடித்துப் பாடினார்கள். மேடையில் தொடங்கிய நெருக்கம் திருமணத்தில் முடிந்தது. 1933இல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. அதன்பின் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைதான் உடுத்தினார். மேயாத மானைத் தேடும் அந்தப் பாட்டைக் கிட்டப்பாவின் இசைத்தட்டில் இன்றும் கேட்கலாம். கேட்கும்போது, ஒவ்வொரு அடியின் முடிவிலும் பதிலுக்கு இடம் விடுவதுபோல அவர் குரல் நிற்கும் விதத்தைக் கவனியுங்கள்.