நின்றேனா, நிறுத்தினார்களா?

வணக்கம் அக்கா,

சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். வயது 31. ஈப்போ போகிற வழியில் ஒரு தொழிற்சாலையில் ஐந்து வருடம் ஸ்டோரில் இருந்தேன். மாதக் கடைசியில் ஸ்டாக் எண்ண வேண்டும். அன்று ஷிஃப்ட் முடியப் போகிற நேரம், கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. மேல் தட்டில் இருந்த பெட்டிகளை இறக்கி எண்ணாமல், போன மாதக் கணக்கைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆடிட்டில் 38 பெட்டி குறைந்தது. விசாரணை வைத்தார்கள். எண்ணவில்லை என்று ஒப்புக்கொண்டேன், எடுக்கவில்லை என்றும் சொன்னேன். ‘கவனக்குறைவு’ என்று கடிதம் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். ஏழு வாரம் ஆகிறது.

இரண்டு இடத்தில் வேலை கேட்டேன். ஒன்றில், ஏன் வேலையை விட்டீர்கள் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். கூப்பிடவே இல்லை. இன்னொன்றில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதினேன். இண்டர்வியூவில் அந்த அம்மா அதைக் கேட்டதும் வேர்த்துவிட்டது. அரை மணி நேரம் பழைய சூப்பர்வைசரைப் பற்றியே பேசிவிட்டு வந்தேன். அடுத்த வியாழக்கிழமை இன்னொரு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். கான்ட்ராக்ட் முடிந்தது என்று சொல்லுங்கள் என்கிறாள் மனைவி. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்த அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. டவுனில், ‘எடுத்துட்டானாம்’ என்று பேசுவதாகக் காதில் விழுகிறது. எப்படிச் சொல்வது அக்கா? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

முதலில் நாள் கணக்கு. இதை அன்றைக்கே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இதே நிலையில் இருக்கிற மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயும் சொல்கிறேன். நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்திவிட்டார்கள் என்று நினைக்கிறவர், மலேசியாவின் 1967-ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டம் 20-ஆம் பிரிவின் கீழ் மனுக் கொடுக்கலாம். நிறுத்திய நாளில் இருந்து 60 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். நீங்கள் எழுதிய அன்று 49 நாள் முடிந்திருந்தது. பேராக்கில் இருப்பவர்கள் ஈப்போவில் உள்ள தொழிலுறவு இலாகாவுக்குப் போக வேண்டும். முதலில் இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துச் சமரசம் பேசுவார்கள். முடியாவிட்டால் தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். மனுக் கொடுத்தோமே, வேறு வேலையில் சேரக் கூடாதோ என்று பயப்பட வேண்டாம். சேரலாம்.

எண்ணாதது தப்பு என்று நீங்களே சொல்கிறீர்கள். அது தப்புத்தான். ஐந்து வருடத்தில் ஒரு தப்புக்கு வேலையையே பறிக்கலாமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை இலாகாவில் கேளுங்கள். வியாழக்கிழமை மேசைக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்.

போன தடவை நடந்தது அதுதான் தம்பி. அந்த அரை மணி நேரப் பேச்சு வீட்டில் பேசிய பேச்சு. மனைவியிடமும் நண்பர்களிடமும் ஏழு வாரமாகச் சொல்லிச் சொல்லி வாயில் படிந்துபோன பேச்சு. சூப்பர்வைசர் எப்படிப்பட்டவர், பஸ் எத்தனை மணிக்கு வந்தது, வேறு யார் யார் எண்ணாமல் கையெழுத்துப் போட்டார்கள் எல்லாம் அதில் உண்டு. வீட்டில் அதைச் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மனசு வெடித்துவிடும். ஆனால் எதிரில் இருக்கிற அந்த அம்மாவுக்கு அந்த சூப்பர்வைசரைத் தெரியாது. நாளைக்கு நம்மைப் பற்றியும் இப்படித்தான் பேசுவான் என்று மட்டும் அவருக்குத் தோன்றும்.

நான் பதினோரு வருடம் ஒரு தொழிற்சாலையின் பெர்சனல் ஆபிஸில் அந்த அம்மா உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். ஒரு நாள் மெஷின் ஆபரேட்டர் வேலைக்கு ஒருவர் வந்தார். உங்கள் வயதுதான் இருக்கும். வேலை கேட்டு எழுதிய பாரத்தில் ‘செபாப் பெர்ஹென்தி’, அதாவது வேலையை விட்ட காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. மேனேஜர் அந்தக் கட்டத்தைப் பேனாவால் இரண்டு தட்டுத் தட்டி, “கை நீளமோ?” என்று என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவரையே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நான் ஒன்றும் சொல்லாமல் பாரத்தை, வேண்டாம் என்று ஒதுக்கியவற்றோடு போட்டேன். ஒரு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் விவரம் தெரிந்தது. அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். மூன்று நாள் தகவல் சொல்லாமல் வேலைக்குப் போகவில்லை. தக்க காரணமோ தகவலோ இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால், ஒப்பந்தத்தை முறித்ததாக எடுத்துக்கொள்ள 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைக் காட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். அதை எழுத வெட்கப்பட்டுக் காலியாக விட்டார், நாங்கள் அதில் திருட்டை எழுதிக்கொண்டோம். அன்று வாயைத் திறக்காமல் இருந்தது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

உங்கள் டவுனிலும் அதுதான் நடக்கிறது. நீங்கள் சொல்லாமல் விட்ட இடத்தில், ‘எடுத்துட்டானாம்’ வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் உங்கள் கையில் ஒரு கடிதம் இருக்கிறது, அதில் ‘கவனக்குறைவு’ என்று கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறது. ஒளித்து வைக்கத் தோன்றும், தெரியும். ஆனால் உங்கள் மேல் திருட்டுப் பழி இல்லை என்பதற்கு இப்போது இருக்கிற ஒரே தாள் அதுதான்.

பாரத்தில் என்ன எழுதுவது? தமிழில் ‘வேலை நின்னுட்டேன்’ என்பதற்கும் ‘நிறுத்திட்டாங்க’ என்பதற்கும் எவ்வளவு தூரமோ, மலாயில் ‘பெர்ஹென்தி’ என்பதற்கும் ‘டிபெர்ஹென்திகான்’ என்பதற்கும் அவ்வளவு தூரம். முதல் சொல் நீங்களாக விட்டதாகக் காட்டும். இரண்டாவதை எழுதுங்கள், பக்கத்தில் ‘ஸ்டாக் கணக்கில் கவனக்குறைவு, நேரில் விளக்குகிறேன்’ என்று ஒரு வரி போடுங்கள். கை நடுங்கும். எழுதுங்கள்.

மனைவி சொல்கிற யோசனை உங்கள் மேல் உள்ள பாசத்தில் வருவது, அவரிடம் கோபப்படாதீர்கள். ஆனால் அது வேண்டாம். பல கம்பெனிகள் ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமநிதியின் கணக்கு அறிக்கையும் பழைய சம்பளச் சிலிப்பும் கேட்கின்றன. எந்த முதலாளி எந்த மாதம் வரை சந்தா கட்டினார் என்பது அதில் வரிசையாக இருக்கும். கான்ட்ராக்ட் என்று சொன்னால் கான்ட்ராக்டைக் காட்டு என்பார்கள். ஒரு போன் போட்டால் போதும். ஈப்போ வட்டாரத்தில் ஸ்டோர் ஆட்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். எல்லாவற்றுக்கும் மேல், பாரத்தின் கடைசிப் பக்கத்தில், மேலே சொன்னது எல்லாம் உண்மை என்று கையெழுத்து வாங்குவார்கள். பொய் என்று பிறகு தெரிந்தால், அந்தக் கையெழுத்தைக் காட்டியே இரண்டாவது முறையும் நிறுத்தலாம். பார்க்காமல் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். இன்னொரு தாள் வேண்டாம் தம்பி.

சரி, நேரில். அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். பழைய வேலையைப் பற்றிச் சொல்லும்போது நீங்களே சொல்லிவிடுங்கள். ஏறக்குறைய இப்படி:

“ஐந்து வருடம் ஸ்டோரில் இருந்தேன். கடைசியில் என்னை நிறுத்தினார்கள். ஒரு மாதம் மேல் தட்டை எண்ணாமல் ஸ்டாக் தாளில் கையெழுத்துப் போட்டேன், கணக்கில் 38 பெட்டி குறைந்தது. எண்ணாதது என் தப்பு, விசாரணையிலும் அதைத்தான் சொன்னேன். பொருள் எடுத்ததாக என் மேல் குற்றம் இல்லை, கடிதம் இதோ இருக்கிறது. இனி நேரம் பற்றவில்லை என்றால், எண்ண முடியவில்லை என்றே தாளில் எழுதிக் கொடுப்பேன்.”

இவ்வளவுதான். சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஒரு அமைதி வரும். அவர் கடிதத்தைப் படிப்பார், எதையாவது குறித்துக்கொள்வார். அந்த அமைதி தாங்காமல்தான் ஆட்கள் சூப்பர்வைசர் கதையை ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் ஆரம்பிக்காதீர்கள். அவர் கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில். விசாரணையில் என்ன சொன்னீர்களோ அதிலிருந்து ஒரு சொல்லும் கூடவோ குறையவோ வேண்டாம். இலாகாவில் மனு நடக்கிறபோது இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொன்னதாக இருக்கக் கூடாது.

இன்னொன்று, இதைத் தமிழில் மனப்பாடம் செய்துவிட்டுப் போனால் அங்கே தடுமாறுவீர்கள். பேச்சு மலாயில் நடக்கும், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில். எந்த மொழியில் சொல்லப் போகிறீர்களோ அதே மொழியில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனைவியை எதிரில் உட்கார வையுங்கள்.

சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலைக் காப்புறுதியில் பணம் கிடைக்குமா என்று இன்னும் சிலர் கேட்டிருந்தார்கள். ஆட்குறைப்பில் வேலை போனால் உண்டு, அதற்கும் 60 நாள்தான் கெடு. ஒழுங்கு மீறல் என்று நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தப் பணம் இல்லை. மைஃபியூச்சர்ஜாப்ஸ் என்ற வேலை தேடும் இணையத் தளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பதிந்து வேலை தேடலாம்.

அப்புறம் அப்பா. வியாழக்கிழமைக்கு முன்னால் அவரிடம் சொல்லிவிடுங்கள். தோட்டத்தில் வளர்ந்த மனிதருக்கு வேலை போவது என்றால் என்னவென்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். 1950களிலும் 60களிலும் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, ஒரு தப்பும் செய்யாத குடும்பங்கள் சட்டி பானையோடு வெளியேறின. தோட்டங்களை நாமே வாங்க வேண்டும் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன் உங்கள் ஊர்க்காரர்தானே. வேலை போனவன் எல்லாம் கெட்டவன் என்று உங்கள் அப்பா ஒருநாளும் நினைக்க மாட்டார்.

என் அப்பாவையும் ஒரு தோட்டத்தில் நிறுத்தினார்கள். பால் நிறுக்கிற இடத்தில் எடையைக் குறைத்துச் சொன்ன மண்டோர், அதாவது மேற்பார்வை பார்க்கிறவர் மேல் கையை ஓங்கிவிட்டார். அடுத்த தோட்டத்தில் வேலை கேட்கப் போனபோது நானும் கூட இருந்தேன், ஏழு வயது. ஆபிஸ் படிக்கட்டுக்குக் கீழே நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “ஐயா, அங்கே மண்டோரை அடிக்கப் போயிட்டேன், அதனால நிறுத்திட்டாங்க” என்றார். ஆபிஸ் கணக்குப் பார்க்கிற கிராணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இங்கே கையை வெச்சுக்கிட்டு சும்மா இருப்பியா?” என்று கேட்டார். “இருப்பேன்யா” என்றார் அப்பா. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்கு வரச் சொல்லிவிட்டு கிராணி உள்ளே போய்விட்டார். திரும்பி வருகிற வழியில் அப்பா எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தார். அவர் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது, ஐஸ் தண்ணீர் என் சட்டையில் சொட்டியது.

வியாழக்கிழமை கடிதத்தின் அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். இரண்டு போட்டோஸ்டேட் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அங்கே, ஒன்று இலாகாவுக்கு. என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா