பெரிய நன்னீர் மீனுக்கு ஸ்பின்னிங் ரீலா, பெய்ட்காஸ்டிங் ரீலா?

ஏரிகளிலும் அணைகளின் பின்நீரிலும் 5 கிலோவுக்கு மேற்பட்ட மீன்களைத் தூண்டிலில் பிடிக்க விரும்பும் ஒருவர், முதன்முறையாக நல்ல ரீல் (தூண்டில் கோலில் பொருத்தி நூலைச் சுற்றும் கருவி) ஒன்று வாங்குவதற்கு முன் எந்த வகையை வாங்குவது என்று கேட்டிருக்கிறார். பெரிய மீன் என்றால் பெய்ட்காஸ்டிங்தான் என்று கடையில் சொன்னதாகவும் குறிப்பிட்டிருக்கிறார். இரண்டு வகைகளையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் என்னுடைய கருத்து அதற்கு மாறானது. மீனின் எடை ரீலின் வகையைத் தீர்மானிப்பதில்லை. அந்த மீன் எத்தகைய இடத்தில் கிடக்கிறது, அதன் முன்னால் போய் விழ வேண்டிய இரை எத்தனை கிராம் என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

முதலில் இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பார்த்துவிடலாம். ஸ்பின்னிங் ரீலில், வீசும்போது நூல் சுற்றியிருக்கும் ஸ்பூல் அசையாமல் நிற்கிறது. நூல் அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாகக் கழன்று போகிறது. பஞ்சாலையில் கோனிலிருந்து நூல் உருவப்படுவதைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சியாகவே இருக்கும். இவ்வகை ரீலுக்கு 1905இல் காப்புரிமை பெற்ற ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்து ஆலை அதிபர் என்பதை நினைத்தால் அந்த ஒற்றுமை வியப்பளிப்பதில்லை. பெய்ட்காஸ்டிங் ரீலோ கடிகாரக்காரர்களின் பிள்ளை. அமெரிக்காவின் கென்டக்கியில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பற்சக்கரம் வைத்த ரீலைச் செய்த ஜார்ஜ் ஸ்னைடர் கடிகாரம் செய்பவர். இன்றும் பெரிய மீன் தேடுபவர்கள் விரும்பும் உருண்டை வடிவ ரீல்களால் பெயர்பெற்ற ஸ்வீடன் நாட்டு ஆபு நிறுவனமும் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கியதுதான். இந்த வகையில் வீச்சின்போது ஸ்பூலே சுழன்று நூலை விடுகிறது, திரும்பச் சுற்றும்போது நூல் எங்கும் வளையாமல் நேராக ஸ்பூலுக்கு வருகிறது. ஸ்பின்னிங் ரீலில் நூல் ஒரு சிறிய உருளையின் மேல் ஏறக்குறைய செங்கோணமாகத் திரும்பி ஸ்பூலில் ஏற வேண்டியிருப்பதால், பளு கூடும்போது இழுவிசையின் ஒரு பகுதி அந்தத் திருப்பத்திலேயே வீணாகிறது.

ஆனால் சுழலும் ஸ்பூலுக்கு ஒரு விலை உண்டு. வீசிய இரை காற்றின் தடையால் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் பழைய வேகத்திலேயே சுழன்றுகொண்டிருந்தால், வெளியேற வழியில்லாத நூல் உள்ளேயே பொங்கிக் குருவிக்கூடாகிவிடுகிறது. காந்த பிரேக்கும் மையவிலக்கு பிரேக்கும் இதைக் குறைக்குமே தவிர, ஸ்பூலை அழுத்திக் கட்டுப்படுத்தும் கட்டைவிரலின் வேலையை அவை முழுவதும் ஏற்றுக்கொள்வதில்லை. என்னுடைய முதல் பெய்ட்காஸ்டிங் ரீலை எடுத்துக்கொண்டு ஏரிக்கரையில் நின்று, எதிர்க்காற்றில், 5 கிராம் இரையை வீசினேன். இரண்டாவது வீச்சிலேயே கூடு கட்டிவிட்டது. அந்த மாலைப்பொழுது முழுவதும் அதைப் பிரிப்பதில் போயிற்று, கடைசியில் கத்திதான் உதவிற்று. ரீலில் குறை எதுவும் இல்லை. அவ்வளவு இலேசான பொருளால் ஸ்பூலைச் சீராகச் சுழலவைக்க முடியாது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. 7 கிராமுக்குக் குறைந்த இரைக்கு இன்றுவரை நான் ஸ்பின்னிங் ரீலைத்தான் எடுக்கிறேன்.

பெய்ட்காஸ்டிங் தன் மதிப்பைக் காட்டும் இடம் தாமரையும் ஆகாயத்தாமரையும் மூடிக் கிடக்கும் விரால் குளம். அவிரி என்றும் பூவிரால் என்றும் சொல்லப்படும் பெரிய வகையைத் தேடுபவருக்கு இது இன்னும் பொருந்தும். விராலுக்கு இரையாக வீசும் ரப்பர் தவளை பெரும்பாலும் 10 முதல் 15 கிராம் வரை எடையுள்ளது. ஸ்பூலைச் சுழற்ற அது போதும். இலைகளுக்கு நடுவே கையகல இடைவெளியில் தவளையை இறக்க வேண்டுமானால், பறக்கும் நூலைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி நினைத்த புள்ளியில் நிறுத்த முடிவது பெரிய வசதி. கவ்விய விரால் முதலில் செய்வது தண்டுகளுக்குள் புகுந்து சுற்றிக்கொள்வது. அதற்கு இடம் கொடுக்காமல், டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது ஸ்பூல் எவ்வளவு இறுக்கத்தில் வழுக்கி நூல் விட வேண்டும் என்பதை அமைக்கும் பிடியை, ஏறக்குறைய பூட்டிவைத்து, 40 அல்லது 50 பவுண்டு பின்னல் நூலில், விறைப்பான கோலால் மேலே தூக்கி, இலைகளின் மீதே வழுக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். சில விநாடிகளில் முடிந்துவிடும் இந்த முரட்டு வேலைக்கு நேராக இழுக்கும் ரீலைவிடப் பொருத்தமானது இல்லை.

கட்லாவுக்கு இதே ரீலை எடுத்துச் செல்பவர் பெரும்பாலும் மீனை இழப்பார். திறந்த நீரில் திரியும் கட்லாவின் உதடு மென்மையானது. பூட்டிய டிராக்கில் தூண்டில் முள் உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதை ஓடவிட்டு, களைக்கவைத்து, மெதுவாகக் கொண்டுவர வேண்டும். 5000 அல்லது 6000 அளவுள்ள (ரீலின் பருமனைக் குறிக்கும் எண்) ஸ்பின்னிங் ரீலும் 9 அடிக்குக் குறையாத, நன்றாக வளைந்துகொடுக்கும் கோலும் இதற்குப் பொருந்தும். தவிடும் புண்ணாக்கும் பிசைந்த உருண்டையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் முறை உங்களுடையது என்றால், ஒரு நெம்புகோலைத் தட்டினால் ஸ்பூல் இலேசாக வழுக்கும்படி செய்யும் பெய்ட்ரன்னர் வகையைத் தேடிப் பாருங்கள். தாங்கியில் வைத்த கோலை மீன் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

டிராக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரிய மீன் தப்புவது பெரும்பாலும் இதில்தான். பெட்டியின் மீது அச்சிட்டிருக்கும் 10 கிலோ, 12 கிலோ என்ற எண்களைப் பார்த்து வாங்காதீர்கள். நூலின் தாங்குதிறனில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை டிராக் வைப்பது வழக்கம். 12 கிலோ தாங்கும் நூலுக்கு 3 முதல் 4 கிலோ. நூல் முனையில் ஒரு கொக்கித் தராசை மாட்டி இழுத்துப் பாருங்கள். 4 கிலோ இழுவையை வளைந்த கோலில் பிடித்துக்கொண்டு நிற்பதே எவ்வளவு கடினம் என்பது புரியும். எண்ணைவிட முக்கியமானது, டிராக் திணறாமல் சீராக வழுக்குகிறதா என்பது. மேலும், மீன் ஓடி நூல் குறையக் குறைய ஸ்பூலில் எஞ்சிய சுற்றின் விட்டம் சிறுக்கிறது; விட்டம் பாதியானால், நீங்கள் கை வைக்காமலேயே, நூலின் மீதான இழுவை இரு மடங்காகிவிடும். நீண்ட ஓட்டத்தின் முடிவில் நூல் அறுவதற்கு இது ஒரு காரணம். ஓடும் மீனைக் கண்டு பதறி டிராக்கை மேலும் இறுக்குபவர்கள் அந்த அறுபடலைத் தாங்களே விரைவுபடுத்துகிறார்கள்.

ஸ்பின்னிங் ரீல் வாங்குபவர் ஒரு பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மீன் நூலை இழுத்துக்கொண்டு போகும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள். அப்போது நூல் உள்ளே வராது, முறுக்கு மட்டும் ஏறும். 5:1 பல்விகிதமுள்ள ரீலில், கைப்பிடி ஒருமுறை சுற்றினால் ஸ்பூலைச் சுற்றி நூலைக் கொண்டுவரும் பகுதி ஐந்து முறை சுற்றுவதால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து முறுக்கு. அடுத்த வீச்சில் நூல் சுருண்டு விழுவதற்கு ரீலைக் குறை சொல்லிப் பயனில்லை.

செலவையும் கணக்கில் கொள்ளுங்கள். ரீலை மாற்றினால் கோலையும் மாற்ற வேண்டும். ஸ்பின்னிங் கோலின் வளையங்கள் கீழ்நோக்கியும், முதல் வளையம் பெரிதாகவும் இருக்கும், பெய்ட்காஸ்டிங் கோலில் அவை மேற்புறம் அமைந்திருக்கும். ஸ்பின்னிங் ரீலின் கைப்பிடியை இடமும் வலமும் மாற்றிக்கொள்ளலாம், மற்றதில் எந்தக் கைக்கு என்பதை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். மிக மலிவான ஸ்பின்னிங் ரீலில் ஓரளவு மீன் பிடித்துவிடலாம். மிக மலிவான பெய்ட்காஸ்டிங் ரீலில் பிரேக் சரியாக அமையாததால், கற்றுக்கொள்வதே தண்டனையாகிவிடும்.

நீங்கள் அணைப் பின்நீரையும் ஏரியையும் சேர்த்தே குறிப்பிட்டிருப்பதால், முதல் ரீலாக 5000 அளவு ஸ்பின்னிங்கை வாங்குங்கள் என்பேன். விரால் குளம் பழக்கமான பிறகு, தவளைக்கென்றே ஒரு பெய்ட்காஸ்டிங் கோலும் ரீலும் சேர்த்துக்கொள்ளலாம். பெரிய மீன் என்று காவிரியின் மகசீரை மனத்தில் வைத்துக் கேட்டிருந்தால் விடை மாறும். பாறைகளுக்கு நடுவே நெடுந்தூரம் ஓடும் அந்த மீனுக்கு, ராகி உருண்டையோடு 200 மீட்டருக்கு மேல் நூல் கொள்ளும் உருண்டை வடிவப் பெய்ட்காஸ்டிங் ரீல்களைப் பயன்படுத்தியவர்கள் பலர். ஆனால் காவிரிக்கே உரிய திமில் மகசீர் 2018இல் மிகவும் அருகிவிட்ட இனமாக அறிவிக்கப்பட்டிருப்பதால், அதைத் தேடிப் போவதற்கு முன் ரீலை அல்ல, வனத்துறையின் அனுமதியைப் பற்றித்தான் விசாரிக்க வேண்டும்.